மேட்டில் ஆஃப் ஆகாத வண்டி

“இந்த வண்டியை வெச்சுக்கறதா, எடைக்குப் போடறதா? அதை மட்டும் சொல்லுங்க அம்மிணி.”

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கப் பொறுக்காமல், நாச்சிமுத்து மாஸ்டர் தன் வண்டியையே இரண்டு தடவை சுற்றி வந்தார்.

சகாயராணி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே தெரிந்தவை கால்கள் மட்டும்தான். அவை இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

மேட்டுப்பாளையத்தில் கிளட்ச், கியர் பாக்ஸ் என்றால் சகாயராணியின் ஒர்க்‌ஷாப்தான். நாற்பது வயதுகூட ஆகாதவள். பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள் என்று ஊரில் அவள்மேல் ஒரு புகார் உண்டு. ஆனாலும் தலை நரைத்த லாரிக்காரர்கள்கூட அவள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மாஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். மூன்று வண்டி வைத்திருந்த காலம் போய், இப்போது மிச்சம் இந்தக் கார் ஒன்றுதான். அதற்குப் பத்தொன்பது வயதாகிறது. வலது பக்கம் பழகுகிறவர் உட்காருவார், இடது பக்கம் மாஸ்டர். மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு.

“என்ன பண்ணுது?” என்றது வேனின் அடிப்பக்கம்.

“எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. சமதளத்துல ஏதோ போகுது. மேட்டுல வெச்சா சத்தம் ஊருக்கே கேக்குது, ஏறத்தான் மாட்டேங்குது. கருகுன வாசம் வேற.”

“கிளட்ச் எப்ப மாத்துனது?”

“எட்டு மாசம் ஆச்சுங்க. நீங்கதான் போட்டீங்க. புதுசுல வந்த கிளட்ச் பதிமூணு வருஷம் ஓடுச்சு. அப்பறம் இந்த ஆறு வருஷத்துல இது அஞ்சாவது. வயசாயிருச்சு, வேறென்ன.”

“யாருக்கு?”

“வண்டிக்குத்தான் அம்மிணி.”

சகாயராணி வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். மாஸ்டரின் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தாள். நேராக மூன்றாவது கியரைப் போட்டாள். கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள்.

“கிளட்ச் பிடிச்சா இப்ப ஆஃப் ஆகணும்,” என்றாள்.

எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ஆகல,” என்றாள்.

“அதைத்தானுங்க நானும் சொல்றேன்.”

“ஆஃப் ஆகத் தெரியாத வண்டி ஓடாது மாஸ்டர்.”

சொல்லிவிட்டு மறுபடி வேனுக்கு அடியில் போய்விட்டாள்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆஃப் ஆகிற வண்டி ஓடாது என்றால் குழந்தைக்குக்கூடப் புரியும். இது என்ன பேச்சு?

“அம்மிணி, எனக்கு நேரமில்லீங்க. வெள்ளிக்கிழமை டெஸ்ட்டு.”

“யாருக்கு?”

“சுலோச்சனா அம்மாவுக்கு.”

சுலோச்சனாவை ஒர்க்‌ஷாப்காரிக்கும் தெரியும். சுலோச்சனாவின் புருஷன் காரமடைப் பக்கம் காய்கறி லோடு அடிப்பவர். சர்க்கரை வியாதியில் கண் பார்வை மங்கி, நாலு மாதமாக வண்டி வாசலில் நிற்கிறது. நாற்பத்து மூன்று வயதில் சுலோச்சனா ஸ்டீயரிங் பிடிக்க வந்தாள். இரண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்ன இடத்தில் ஃபெயில். இந்த வெள்ளிக்கிழமையும் ஆகாவிட்டால், லோடு வண்டியை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வாங்க ஆளும் பார்த்தாகிவிட்டது.

“என்கிட்ட ஓட்டும்போது நல்லாத்தான் ஓட்டறாங்க,” என்றார் மாஸ்டர். “டெஸ்ட்டுல என்ற சீட்டுல பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து உக்காந்தா எல்லாம் போயிருது. அவங்க மட்டுமில்ல. இப்பெல்லாம் என்ற ஆளுக பாதிப் பேரு மேட்டுலதான் ஃபெயிலாகறாங்க. வண்டி இப்படி இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?”

வேனின் அடியில் ஸ்பானர் சத்தம் மட்டும் கேட்டது.

“நாளைக்கு வாங்க மாஸ்டர்.”

*

நாளைக்கு வரச் சொன்னால் மாஸ்டர் அன்றைக்கே மூன்று தடவை வந்தார்.

முதல் தடவை, வண்டிக்குள் குடை விட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டாவது தடவை எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த ஆளின் இடது கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஆஃப் ஆகத் தெரியாத வண்டி ஓடாது. மத்தியானம் சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான் மனசில் ஓடியது. என்னவென்று கேட்ட பெண்சாதிமேல் எரிந்து விழுந்தார். பழைய இரும்புக்காரர் ஒருவருக்கு ஃபோன் போட்டு, வண்டியை எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று கேட்டார். அவர் உடனே வருகிறேன் என்றதும், “உடனேல்லாம் வேண்டாம்” என்று வைத்துவிட்டார்.

*

மறுநாள் கியர் பாக்ஸ் இறங்கிக் கிடந்தது. சகாயராணி கிளட்ச் பிளேட்டை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தாள். தேய்ந்து ஆணித்தலை வெளியே வந்திருந்தது. சூடு ஏறி ஏறி, அழுத்துகிற இரும்பு வளையம் நீலம் பாய்ந்திருந்தது.

“வயசானா இப்படி ஆகாதுங்க,” என்றாள். “பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுனாத்தான் ஆகும். பாதி அமுங்கியும் அமுங்காமயும்.”

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகமே மாறிவிட்டது.

“பாத்தீங்களா? பழகறவங்க பண்ற வேலை! தெனமும் தொண்டை வத்தக் கத்தறேன். கிளட்ச் மேல காலை வெக்காதீங்க, காலைக் கீழ வைங்கன்னு. ஒருத்தர் கேக்கணுமே.”

சகாயராணி வண்டியின் வலது பக்கக் கதவைத் திறந்தாள். குனிந்து கிளட்ச் பெடலின் ரப்பரைத் தொட்டுக் காட்டினாள். ரப்பரில் கோடுகள் தெளிவாக இருந்தன.

சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்தாள். மாஸ்டரின் கிளட்ச் பெடலைத் தொட்டுக் காட்டினாள். ரப்பர் நடுவில் ஓட்டை விழுந்து இரும்பு பளபளத்தது.

மாஸ்டர் பார்த்தார்.

“இது பழைய ரப்பரு,” என்றார்.

“ரெண்டும் ஒரே நாள்ல நான் மாட்டுனது.”

“சாமான் சரியில்லாம இருந்திருக்கும்.”

“இருக்கும்,” என்றாள் சகாயராணி. புதுக் கிளட்சை எடுத்து மாட்ட ஆரம்பித்தாள்.

*

சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கியது.

“வாங்க, உங்க சீட்டுல உக்காருங்க.”

மாஸ்டர் இடது பக்கம் உட்கார்ந்தார். சகாயராணி வலது பக்கம். ஹேண்ட் பிரேக், மூன்றாவது கியர். கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். வண்டி முக்கியது, லேசாக முன்னால் குதித்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“பாருங்க,” என்றார் மாஸ்டர். “புதுசு போட்டும் அப்படியேதான் இருக்குது. நான் நேத்தே கேட்டேன், எடைக்குப் போட்டர்றதான்னு.”

“கொஞ்சம் எறங்குங்க.”

இறங்கினார்.

ஹேண்ட் பிரேக், மூன்றாவது கியர். காலை எடுத்தாள். ஒரு உதறல். எஞ்சின் பொட்டென்று ஆஃப் ஆனது.

“ஏறுங்க.”

ஏறினார். மறுபடி ஸ்டார்ட் செய்து அதேபோலச் செய்தாள். எஞ்சின் ஆஃப் ஆகவில்லை.

“எறங்குங்க.”

ஆஃப் ஆனது.

மாஸ்டர் கதவைப் பிடித்தபடி நின்றார். கிளட்சை யாராவது மிதித்திருந்தால்தான் எஞ்சின் ஆஃப் ஆகாமல் தப்பும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நெற்றியில் வேர்த்திருந்தது.

“நான் மிதிக்கவேயில்லீங்க.”

சகாயராணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சத்தியமா மிதிக்கல அம்மிணி.”

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலீங்க.”

அந்தப் பேச்சுத்தான் அவரைக் கிளப்பிவிட்டது. பொய் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுவிட்டு ஆறியிருப்பார்.

“எனக்கே சொல்லிக் குடுக்கறீங்களா? முப்பது வருஷம். எத்தனை ஆயிரம் பேரு என்ற பக்கத்துல உக்காந்து பழகியிருக்காங்க தெரியுமா? மேட்டுல வண்டி ஆஃப் ஆனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க அடியில படுத்துட்டு இருப்பீங்க. மேல உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.”

சகாயராணி ஸ்டூலை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காமலே வந்துவிட்டது.

“ஆறு வருஷம் முன்னாடி,” என்றார் மாஸ்டர். “பாக்குத்தோப்பு மேட்டுல. ஒரு காலேஜ் பொண்ணு ஓட்டிட்டு இருந்துச்சு. பாதி மேட்டுல ஆஃப் ஆயிருச்சு. வண்டி பின்னால உருண்டுச்சு. ரோட்டோரத்துல ஒரு அம்மா இளநீர் வெட்டிட்டு இருந்தாங்க. இடுப்பு எலும்பு போயிருச்சு. இன்னைக்கும் கோல் ஊனித்தான் நடக்கறாங்க.”

சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார்.

“அவங்க என்னைத் திட்டல அம்மிணி. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.”

“அன்னைக்கு உங்க கால் எங்க இருந்துச்சு?”

“கீழ. சும்மா. ஃபோன்ல பேசிட்டு இருந்தேன்.” இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்தார். “அன்னைக்கோட சரி. என்ற வண்டியில இருக்கறவரைக்கும் ஒருத்தருக்கும் மேட்டுல ஆஃப் ஆகக் கூடாதுன்னு முடிவு பண்ணுனேன். இன்னைக்கு வரைக்கும் ஆகல.”

“உருள்ற வண்டியை எந்தப் பெடலு நிறுத்தும்?”

“பிரேக்கு.”

“கிளட்ச மிதிச்சா?”

மாஸ்டர் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பதில் அது. தன்னிடம் பழகியவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள் என்று பெருமைப்படுவார்.

“இன்னும் வேகமா உருளும்,” என்றார்.

சகாயராணி எழுந்தாள்.

“காலையில வந்து வண்டியை எடுத்துக்கோங்க. சின்ன வேலை ஒண்ணு மிச்சம் இருக்குது.”

“இன்னும் நீங்க பதில் சொல்லலீங்க. வெச்சுக்கறதா, போடறதா?”

“நாளைக்கு மேட்டுல ஏத்திப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

*

வியாழக்கிழமை காலை சாவியைக் கொடுக்கும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“பிரேக்கு ரெண்டு பக்கமும் நல்லாப் பிடிக்குது. நானே மேட்டுல வெச்சுப் பாத்துட்டேன்.”

மாஸ்டர் சரி என்று தலையாட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். சுலோச்சனா பாக்குத்தோப்பு மேட்டுக்குக் கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். ஓடிவந்து ஏறியவள் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைத் தொட்டாள். மாஸ்டரும் அவளுக்குத் தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

சமதளத்தில் நன்றாகப் போனாள். மேடு வந்தது.

“பாதியில நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் போடுங்க. இப்ப எடுங்க.”

சுலோச்சனா எடுத்தாள். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. பின்னால் உருள ஆரம்பித்தது.

மாஸ்டர் கிளட்சை மிதித்தார். உருண்டது. இன்னும் அழுத்தி மிதித்தார். உருண்டது. அப்புறம்தான் வலது கால் ஞாபகம் வந்து பிரேக்குக்குப் போனது.

வண்டி நின்றது. மொத்தம் நாலடிகூட உருண்டிருக்காது.

சுலோச்சனா ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உறைந்திருந்தாள்.

“மாஸ்டர், ஆஃப் ஆயிருச்சு.”

“பரவால்ல. ஸ்டார்ட் பண்ணுங்க.”

“எனக்கு என்ன பண்றதுன்னே தெரியிலீங்க.”

“எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கறேன்? ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல் பண்ணி, ஸ்டார்ட் பண்ணணும்.”

“சொன்னீங்க மாஸ்டர். ஆனா நம்ம வண்டி ஒரு தடவையாவது ஆஃப் ஆயிருக்குதுங்களா? டெஸ்ட்டுலதான் ரெண்டு தடவையும் ஆஃப் ஆச்சு. கை காலெல்லாம் வெலவெலத்துப் போயிருச்சு. எனக்குன்னு வர்றபோது மட்டும் வண்டி ஏன் இப்படிப் பண்ணுதுன்னு வீட்டுக்குப் போய் அழுதேன்.”

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடி வழியாக மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டில் ஃபெயிலான முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேங்க்காரர் ஒருவர். மூன்று தடவை ஃபெயிலாகி, கார் வாங்கும் ஆசையையே விட்டுவிட்ட நர்ஸ் ஒருத்தி. கடைசி நாளில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போன ஒரு பையன். உங்க பேரைக் கெடுத்துட்டேன் மாஸ்டர் என்றானே.

அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

“ஸ்டார்ட் பண்ணுங்கம்மா,” என்றார்.

ஆஃப் ஆனது. மறுபடி ஆஃப் ஆனது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. ஒவ்வொரு தடவையும் மாஸ்டரின் இடது கால் கிளட்சை மிதித்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. புதுக் கிளட்சும் போய்விட்டதோ என்று ஒரு எண்ணம் ஓடியது. அதைக் கவனிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. வலது கால் பிரேக்கின்மேல் இருந்தது.

ஐந்தாவது தடவை சுலோச்சனா அவரைக் கேட்காமலே ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். ஆறாவது தடவை ஆஃப் ஆனபோது “ச்சை” என்று வண்டியைத் திட்டினாள். பயம் எப்போது போனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒன்பதாவது தடவை கிளட்சை மெல்ல விட்டாள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது. அங்கேயே காலை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை எடுத்தாள். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. உறுமாமல், கருகாமல், மேட்டில் ஏறிப் போனது.

மேலே, பாக்குத் தோப்பு முடிகிற இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் குனிந்து இடது கால் பக்கம் கையை விட்டார். பெடலுக்கு ஸ்பிரிங் இருந்தது. அதைக் கிளட்சோடு இணைக்கும் கேபிள் மாட்டியிருக்கவில்லை. கழற்றிச் சுருட்டி, கம்பியால் ஒழுங்காகக் கட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

இறங்கிப் போய்ச் சகாயராணிக்கு ஃபோன் போட்டார்.

“அம்மிணி, என்ற பக்கத்துக் கிளட்ச் வேலை செய்யலீங்க.”

“தெரியும். நான்தான் கழட்டுனேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா அந்த சீட்டுல உக்காந்திருப்பீங்களா?”

மாஸ்டர் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டார்.

“எத்தனை தடவை மிதிச்சீங்க?”

“எட்டு.”

“அந்தம்மா எங்க?”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். சுலோச்சனா வண்டியைத் திருப்பி, மேட்டின் இறக்கத்தைப் பார்க்க நிறுத்திவைத்திருந்தாள். மறுபடி ஒரு தடவை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“மேல இருக்காங்க,” என்றார்.

அந்தப் பக்கம் ஸ்பானர் சத்தம் கேட்டது. மாஸ்டர் ஃபோனை வைக்காமல் நின்றார்.

“அம்மிணி, அந்தக் கேபிளை மாட்டறதுக்குச் சாயங்காலம் வண்டியைக் கொண்டாரட்டுங்களா?”

“ஏனுங், வண்டிக்கு என்ன?” என்றாள் சகாயராணி.